நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் ஏன் போனாள்?



சென்ற மாதம் மடூல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இங்கே போடவில்லை. 1983க்குப் பிறகு பதுளையை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறி, 2009இல் அங்கேயும் இருந்ததையெல்லாம் இழந்து, மறுபடியும் சொந்தக்காரரின் லயத்துக்கே திரும்பி வந்த குடும்பம் அது. இரவில் குப்பி விளக்கு சரிந்து அவருடைய தங்கச்சியின் உடுப்பில் தீப்பற்றியிருக்கிறது. கடிதத்தின் ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்.

"நாலு நாளும் நல்லாப் பேசினாள். சின்னவனுக்குச் சோறு குடுத்தீங்களா அக்கா என்று கேட்டாள். தேத்தண்ணி வேணும் என்றாள். பிழைச்சிட்டாள் என்று கோயிலுக்கு நேர்த்தி வைத்தேன். ஆறாம் நாள் விடியப் போயிட்டாள். பிரேத பரிசோதனை செய்த பிறகு, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற ஒரு சுரப்பியிலும் இரத்தம் கசிஞ்சிருந்தது என்று சொன்னார்கள். அவளுக்கு அந்த வருத்தம் முன்னமே இருந்ததா? நான் கவனிக்காமல் விட்டேனா? லயத்தில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஊசி மாறிப் போட்டதாகவும் சொல்கிறார்கள்."

இந்தக் கேள்வி ஒருவருடையது மட்டும் அல்ல. பல வருடங்கள் சத்திரசிகிச்சை வார்ட்டில் தாதியாக வேலை செய்த எனக்கு, வார்ட் வாசலில் நின்று அழுத பல தாய்மாரிடமும் அக்காமாரிடமும் கேட்ட கேள்வி இது. "நேற்றுக்கூடப் பேசினாளே!" ஆகவே இந்த மாதம் முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்குகிறேன். வாசிக்கக் கொஞ்சம் கனமான விடயம்தான். தீயால் ஒருவரை இழந்த சகோதரிகள் இப்போது வாசிக்க முடியாவிட்டால், எடுத்து வைத்துவிட்டு மனம் ஆறியபின் வாசியுங்கள்.

முதலில் கடிதம் எழுதிய சகோதரிக்கு நேரான பதில்: உங்கள் தங்கச்சிக்கு முன்னமே ஒரு வருத்தம் இருந்து, அதை நீங்கள் கவனிக்காமல் விட்டதாக அந்த இரத்தக் கசிவைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. பெரிய தீக்காயத்தோடு சில நாட்கள் உயிரோடு இருந்தவர்களின் உடலில் இப்படியான மாற்றம் காணப்படுவது வைத்திய உலகம் நன்கு அறிந்த விடயம். தீக்காயமும் அதன்பின் வரும் கிருமித் தொற்றும் அதை உண்டாக்கும். ஊசி பற்றி உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், லயத்துக் கதையை விட்டுவிட்டு, பரிசோதனை செய்த சட்ட வைத்திய அதிகாரியிடம் நேரே கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

சிறுநீரகத்தின் மேலே ஒரு தொப்பி

நமக்கு இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றின் மேலும் தொப்பி வைத்ததுபோல ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் அதிரீனல் சுரப்பி. வளர்ந்தவர்களில் ஒன்றின் நிறை 4 அல்லது 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டிச் சீனியின் நிறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரண்டு பகுதி தெரியும். உட்பகுதி கருஞ்சிவப்பாக இருக்கும். அதிரீனலின் என்ற ஓமோன் அங்கேதான் சுரக்கிறது. பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடப்பதும், கை குளிர்வதும், ஒரே பாய்ச்சலில் ஓடுவதும் அதனால்தான். ஷெல் விழும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தோமே, அந்தப் பலமும் அங்கிருந்து வந்ததுதான்.

வெளிப்பகுதி மஞ்சள் நிறம். கோர்ட்டிசோல் என்ற ஓமோன் அங்கே உண்டாகிறது. இரத்த அழுத்தம் விழாமல் பிடித்து வைப்பது, இரத்தத்தில் சீனி குறையாமல் பார்ப்பது, வீக்கம் எல்லை மீறாமல் அடக்குவது எல்லாம் அதன் வேலை. இந்தச் சுரப்பி கோர்ட்டிசோலைச் செய்து சேர்த்து வைப்பதில்லை. அதைச் செய்யத் தேவையான கொழுப்பைத்தான் சிறு சிறு துளிகளாகச் சேர்த்து வைத்திருக்கிறது. மஞ்சள் நிறம் அந்தக் கொழுப்பின் நிறம். ஆபத்து வந்ததும் கொழுப்பை எடுத்து ஓமோனாக்கி இரத்தத்தில் விடும்.

தீ பட்டால் அங்கே என்ன நடக்கிறது?

பெரிய தீக்காயம் பட்ட நிமிடத்திலேயே மூளை இந்தச் சுரப்பிகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. முதலில் அதிரீனலின் பாய்கிறது. கூடவே கோர்ட்டிசோல் உற்பத்தி பல மடங்காகிறது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, காயம் ஆறும்வரை இந்த வேலை நிற்பதில்லை.

இப்படிச் சில நாட்கள் வேலை செய்து, பின்னர் அந்த மனிதர் இறந்துபோனால், பரிசோதனையில் தெரிவது இதுதான். சுரப்பி வீங்கிப் பெரிதாகியிருக்கும். மஞ்சள் நிறம் மங்கி மண்ணிறமாக மாறியிருக்கும். சேமித்து வைத்த கொழுப்பெல்லாம் செலவாகிவிட்டது என்பது அதன் பொருள். மெல்லிய துண்டாகச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கொழுப்புத் துளிகள் நிறைந்து வெளிறித் தெரிய வேண்டிய கலங்கள் சுருங்கி இறுகிக் கிடக்கும். சிலரில் இடையிடையே கலங்கள் செத்துப் போயிருக்கும். இரத்தம் தேங்கி நிற்கும். சிலரில் இரத்தம் கசிந்தும் இருக்கும்.

இரத்தம் ஏன் கசிகிறது? சுரப்பியின் அமைப்பே அதற்கு ஒரு காரணம். அதற்கு இரத்தம் கொண்டுவர மூன்று பக்கத்திலிருந்து நாடிகள் வருகின்றன. வெளியே கொண்டுபோக இருப்பதோ ஒரே ஒரு பிரதான நாளம். மூன்று பீலித் தண்ணீரும் ஒரு தொட்டியில் விழுந்து, ஒரே ஒரு குழாயால் வெளியேறுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் பிரச்சினை இல்லை. மூன்று பீலியும் பெருக்கெடுத்தால் தொட்டி தளும்பும். கிருமித் தொற்று இரத்தத்தில் ஏறி, இரத்தம் உறையும் முறையும் குழம்பிவிட்டால் கசிவு இன்னும் இலகுவாக ஏற்படும். இரண்டு பக்கத்துச் சுரப்பியும் இப்படிப் பாழானால் இரத்த அழுத்தம் திடீரென்று விழும். அது மரணத்தை விரைவுபடுத்தவும் கூடும். ஆனால் பெரும்பாலானோரில் சுரப்பியின் மாற்றம் மரணத்துக்குத் தனிக் காரணம் அல்ல. உடல் எவ்வளவு தூரம் போராடியது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. கொழுப்புச் செலவாகி முடிய நேரம் எடுக்கும். தீயிலேயே சில நிமிடங்களில் உயிர் போனவரின் சுரப்பியில் இந்த மாற்றம் தெரிவதற்கு வாய்ப்புக் குறைவு. நாட்கணக்கில் உயிரோடு இருந்தவரில்தான் தெளிவாகத் தெரியும்.

இதை யார் கண்டறிந்தார்கள்?

தீக்காயம் தோலோடு நிற்பதில்லை என்பதை வைத்தியர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறிந்தார்கள். 1842இல் லண்டனைச் சேர்ந்த கர்லிங் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தோலில் தீக்காயம் பட்டவர்களின் சிறுகுடலின் தொடக்கத்தில் புண் உண்டாவதை எழுதினார். தீ படாத இடத்தில் புண் எப்படி வந்தது? அந்தப் புண்ணுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

1936இல் கனடாவின் மொன்றியலில் ஹான்ஸ் செலி என்ற ஆய்வாளர் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வைச் சுருக்கமாக வெளியிட்டார். சில எலிகளைக் குளிரில் வைத்தார். சிலவற்றுக்கு வெட்டுக்காயம். சிலவற்றை அளவுக்கு மீறி ஓடவிட்டார். சிலவற்றுக்கு நச்சு மருந்து. துன்பம் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே கண்டது ஒன்றாகவே இருந்தது. அதிரீனல் சுரப்பி பெருத்திருந்தது, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது, வயிற்றில் புண் இருந்தது. இன்று எல்லோரும் சொல்லும் "ஸ்ட்ரெஸ்" என்ற சொல் வைத்தியத்துக்குள் பரவியது அவரால்தான்.

1942 நவம்பர் 28ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் கொக்கனட் குரோவ் என்ற இரவு விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்குச் சிகிச்சை செய்த வைத்தியர்கள் அங்கே கற்றுக்கொண்டவை தீக்காய வைத்தியத்தையே மாற்றின. தீக்காயம் பட்டவருக்கு நாளத்தின் வழியாக எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்ற கணக்கு அதன்பிறகுதான் ஒழுங்காக வளர்ந்தது.

நாலு நாள் பேசியது எப்படி?

இதைத்தான் அந்த அக்கா கேட்டார். தீக்காயம் தலைக்குள் மூளையைத் தாக்குவதில்லை. அதிகப் புகையைச் சுவாசிக்காதவராக இருந்தால், உடம்பில் பாதி எரிந்திருந்தாலும் முதல் நாட்களில் நினைவு தெளிவாக இருக்கும். பேசுவார், பிள்ளைகளை விசாரிப்பார். ஆழமாக எரிந்த இடத்தில் வலிகூடத் தெரியாது, ஏனென்றால் வலியை உணரும் நரம்பு நுனியும் எரிந்துவிட்டது. இதைப் பார்த்து "வலி இல்லையாம், லேசான காயம்தான்" என்று எண்ணிவிடுகிறோம். உண்மை அதற்கு நேர்மாறு.

உள்ளே நடப்பது வேறு. முதல் 48 மணித்தியாலத்தில் இரத்தக் குழாய்கள் ஒழுகத் தொடங்கி, உடலின் நீர் காயத்துக்கும் சதைக்குள்ளும் போய்விடும். இரத்த அழுத்தம் விழும், சிறுநீர் குறையும். அதைத் தாண்டினால் அடுத்த ஆபத்து கிருமி. தோல் என்ற வேலி இல்லாத உடலில் மூன்றாம் நான்காம் நாளிலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறலாம். புகை சுவாசித்தவருக்கு நுரையீரல் கெடும். சிறுநீரகம், ஈரல், இதயம் ஒன்றன்பின் ஒன்றாகத் தளரும். அதிரீனல் சுரப்பிகள் இந்த நாட்கள் முழுவதும் கைவிடாமல் வேலை செய்துகொண்டிருக்கும். அவள் பேசியதும் சின்னவனை விசாரித்ததும் பொய்த் தெம்பு அல்ல. அது அவள் உடல் செய்த உண்மையான போராட்டம்.

பரிசோதனை ஏன் முக்கியம்?

நம் சனங்கள் பிரேத பரிசோதனை என்றாலே பயப்படுகிறார்கள். "எரிந்த உடம்பை இன்னும் வெட்ட வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். அந்த வேதனை எனக்கு விளங்குகிறது. ஆனாலும் ஒரு விடயத்தை நினைவுபடுத்துகிறேன்.

2021 ஜூலை 3ஆம் திகதி, கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்த டயகமவைச் சேர்ந்த 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு தேசிய வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டாள். ஜூலை 15ஆம் திகதி இறந்தாள். 12 நாள் உயிரோடு இருந்தாள். மலையகம் முழுவதும் நீதி கேட்டது. அடக்கம் செய்த உடலை அந்த மாத இறுதியில் தோண்டியெடுத்து, பேராதனையில் இரண்டாவது தடவை பரிசோதனை செய்தார்கள். ஊவாத் தோட்டங்களிலிருந்தும் எத்தனையோ பெண்பிள்ளைகள் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு நெஞ்சு பதறாத தாய் நம் பகுதியிலும் இருந்திருக்க மாட்டாள்.

இறந்தவரின் உடல் மட்டுமே சொல்லக்கூடிய சில உண்மைகள் உண்டு. மூச்சுக்குழாயில் புகைக்கரி இருந்தால், இரத்தத்தில் காபன் மொனொக்சைட் கூடியிருந்தால், தீப்பிடித்தபோது அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியும். வேறு காயம், பழைய காயம், உடல் வன்முறை இருந்தால் அதுவும் தெரியவரலாம். அதிரீனல் போன்ற சுரப்பிகள் மரணத்துக்குப் பின் மிக விரைவாகக் கெட்டுப் போகும் உறுப்புகள். ஆகவே முதல் பரிசோதனை காலதாமதம் இல்லாமல் முழுமையாக நடக்க வேண்டும். அடக்கம் செய்த பின் தோண்டிப் பார்ப்பதால் எல்லாவற்றையும் திரும்பப் பெற முடியாது.

பரிசோதனை முடிந்ததும் நீங்கள் சட்ட வைத்திய அதிகாரியைச் சந்தித்துக் கேட்கலாம். சிங்களமோ ஆங்கிலமோ தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று கேள்விகளைத் துண்டில் எழுதிக்கொள்ளுங்கள்: மரணத்துக்கு நேர்க் காரணம் என்ன? தீக்காயம் தவிர வேறு காயம் இருந்ததா? மற்ற உறுப்புகளில் கண்டது தீக்காயத்தால் வந்ததா, முன்னமே இருந்ததா? மரண விசாரணையில் உங்களுக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

தீக்காயம் பட்டவர் பேசக்கூடிய அந்த முதல் நாட்களுக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. தனக்கு என்ன நடந்தது என்று அவர் சொல்வதை, அவர் இறந்த பின்னர் நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கலாம். "விளக்கு விழுந்தது" என்று சொல்லிக் கணவனைக் காப்பாற்றிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணி அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அந்த வீட்டில்தான் அந்தப் பிள்ளைகள் வளர வேண்டியிருக்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இலிருந்து நாட்டில் இருக்கிறது. அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில் இருப்பவர்கள் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்குப் பேசலாம்.

மனம் உடைந்தவர்களுக்காக

எல்லாத் தீக்காயமும் விபத்து அல்ல என்பதும் நமக்குத் தெரியும். மட்டக்களப்பு வைத்தியசாலை அனுபவத்தை வைத்து 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, கிழக்கில் பெண்கள் தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்ளும் துயரத்தைப் பற்றிப் பேசியது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போர், வறுமை, வீட்டுச் சண்டை எல்லாம் சேர்ந்து நெருக்கும் இடத்தில் இது நடக்கிறது. பிழைத்து வந்தவர்களிடம் பேசியபோது, அநேகர் சாக விரும்பவில்லை, அந்த நேரத்து வேதனை நிற்க வேண்டும் என்றுதான் விரும்பினார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

உங்களோடு கொழுந்து பறிக்கும் ஒருவர் "இருந்து என்ன பயன்" என்று பேசினால், புத்தி சொல்லத் தொடங்காதீர்கள். பக்கத்தில் இருங்கள். அன்றிரவு தனியே விடாதீர்கள். 1926 என்பது தேசிய மனநல உதவி இலக்கம். அங்கே பேசலாம், அவருக்காக நீங்களும் பேசலாம். தீக்காயம் எப்படி வந்திருந்தாலும் வார்ட்டில் கிடைக்கும் சிகிச்சை ஒன்றே. பயந்து பிந்த வேண்டாம்.

புகை மணமும் படபடப்பும்

1983 ஜூலையில் பதுளை நகரில் கடைகளும் வீடுகளும் எரிந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ முகாமில் தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்ட செய்தியை மறக்காதவர்கள் இருக்கிறார்கள். வன்னியில் இருந்து வந்தவர்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இவர்களில் பலருக்குப் புகை மணம் வந்தாலே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். "இந்தச் சுரப்பி கெட்டுப் போயிற்றா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

இல்லை. பழைய ஆபத்தை நினைவூட்டும் மணம் வந்ததும் மூளை மறுபடி கட்டளை இடுகிறது, சுரப்பி தன் வேலையைச் செய்கிறது. மெதுவாக மூச்சை வெளியே விடுவது, நம்பிக்கையான ஒருவரோடு பேசுவது, தேவையானால் மனநல வைத்தியரைப் பார்ப்பது எல்லாம் உதவும். "கவலையால் அதிரீனல் களைத்துவிட்டது" என்று சொல்லி மாத்திரை விற்பவர்களை நம்பாதீர்கள். அப்படி ஒரு நோயை ஓமோன் நிபுணர்கள் ஏற்கவில்லை. உண்மையான அதிரீனல் குறைபாடு வேறு. அதை 1855இல் அடிசன் என்ற வைத்தியர் விபரித்தார். காசநோய் அதற்கு ஒரு காரணம். தீராத களைப்பு, உடல் மெலிவு, எழும்பினால் தலைச்சுற்று, தோலும் முரசும் கறுப்பது, உப்பில் ஆசை ஆகியவை சேர்ந்து வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. முட்டு வருத்தத்துக்கோ மூட்டு வருத்தத்துக்கோ நீண்ட காலம் பிரெட்னிசொலோன் மாத்திரை எடுப்பவர்களின் அதிரீனல் சுரப்பி உறங்கிப் போயிருக்கும். அவர்கள் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. தீக்காயமோ விபத்தோ நேர்ந்தால் "இந்த மாத்திரை எடுப்பவர்" என்று வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். துண்டை ஒரு பையில் பத்திரமாக வைத்திருங்கள்.

நம் கையில் இருப்பது

சுரப்பியின் போராட்டத்துக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி முதல் சில மணித்தியாலத்தில்தான் இருக்கிறது.

தீப்பற்றியவர் ஓடக் கூடாது. நிலத்தில் படுத்து உருள வேண்டும். கம்பளியால் மூடி அணைக்கலாம். மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்கைப் போட வேண்டாம், அது உருகி ஒட்டும்.

அணைந்ததும் எரிந்த இடத்தில் பீலித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ 20 நிமிடம் ஓடவிடுங்கள். தீப்பட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் எப்போது செய்தாலும் பயன் உண்டு. ஐஸ் வேண்டாம். பற்பசை, தேங்காய் எண்ணெய், முட்டை, நீலம் எதுவும் பூச வேண்டாம். வளையல், மோதிரம், தாலிக்கொடி எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். தாலியைக் கழற்றத் தயங்காதீர்கள். கழுத்து வீங்கினால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். தோலில் ஒட்டிய துணியை மட்டும் இழுக்காதீர்கள். பிறகு சுத்தமான துணியால் மூடி, எரியாத இடங்களைக் கம்பளியால் போர்த்துங்கள். நம் மலைக் குளிர் தீக்காயம் பட்டவருக்கு ஆகாது. குழந்தைகளுக்கும் பெரிய காயம் உள்ளவர்களுக்கும் உடல் சில்லிடத் தொடங்கினால் தண்ணீரை நிறுத்திப் போர்த்த வேண்டும்.

நோயாளியின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்பில் ஏறக்குறைய 1 வீதம். பெரியவருக்கு 15 உள்ளங்கைக்கு மேல், பிள்ளைக்கு 10க்கு மேல் எரிந்திருந்தால் சேலைன் தேவைப்படும். முகம், கை, பிறப்புறுப்பு எரிந்தாலும், மூடிய அறையில் புகை சுவாசித்திருந்தாலும், அளவு பார்க்காமல் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

ஏன் அவசரம் என்பதை ஒரு கணக்கால் சொல்கிறேன். வைத்தியர்கள் பெரும்பாலும் தொடங்கும் கணக்கு இது: 4 மில்லிலீற்றர், அதை உடல் நிறையாலும் எரிந்த வீதத்தாலும் பெருக்க வேண்டும். 50 கிலோ நிறையுள்ள ஒரு பெண்ணுக்கு 30 வீதம் எரிந்தால் 6 லீற்றர். அதில் பாதி, அதாவது 3 லீற்றர், முதல் 8 மணித்தியாலத்துக்குள் ஏற வேண்டும். அந்த 8 மணித்தியாலம் வைத்தியசாலைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்து எண்ணப்படும். நமுனுகுலையிலோ மடூல்சீமையிலோ வாகனம் தேடிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அந்த எட்டிலிருந்துதான் கழிகிறது. தீப்பட்ட நேரத்தை மணிக்கூட்டில் பார்த்து வைத்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லயம் வரை பாதை இல்லாவிட்டால் எந்தச் சந்தியில் நிற்போம் என்று சொல்லி, அங்கே கொண்டு வாருங்கள். வராது போலிருந்தால் கொழுந்து லொறியோ ஓட்டோவோ, கிடைத்ததில் ஏறுங்கள். பயணம் நீண்டது, அவர் நினைவோடு இருக்கிறார், வாந்தி இல்லை என்றால் ஜீவனி கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

பிழைத்து வீட்டுக்கு வந்தவருக்கும் போராட்டம் முடிவதில்லை. பெரிய தீக்காயத்துக்குப் பின் இந்த ஓமோன்கள் ஒரு வருடத்துக்கும் மேல் உயர்ந்தே இருக்கலாம். அதனால் இதயம் வேகமாக அடிக்கும், உடல் மெலியும், நித்திரை வராது, எரிச்சல் வரும். "சும்மா படுத்திருக்கிறாள், தின்றுகொண்டே இருக்கிறாள்" என்று ஏசாதீர்கள். அவருக்கு இரட்டிப்புச் சாப்பாடு தேவை. முட்டை, பருப்பு, நெத்தலி, பால், கடலை எது முடியுமோ அதைக் கொடுங்கள். அறையைச் சூடாக வைத்திருங்கள்.

கடைசியாக விளக்கு. இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் விஜய கொடகும்புர, போத்தல் விளக்கால் எரிந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து மனம் நொந்து, சரியாத ஒரு விளக்கை உருவாக்கினார். மார்மைட் போத்தலின் குட்டையான, கனத்த உருவத்திலிருந்து அவருக்கு யோசனை வந்தது. இரண்டு பக்கம் தட்டையாக இருப்பதால் விழுந்தாலும் உருளாது. திருகு மூடி இருப்பதால் எண்ணெய் கொட்டாது. 1998இல் அவருக்குச் சர்வதேச ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மின்சாரம் வெட்டப்படும் இரவுகளில் இன்னும் குப்பி விளக்கு ஏற்றும் வீடுகள் நம்மிடம் உண்டு. உயரமான போத்தலை இன்றே ஒதுக்குங்கள். குட்டையான, கனமான, இறுக்கமான உலோக மூடி உள்ள போத்தலே வேண்டும். கட்டிலுக்கு மேலும் பிள்ளைக்கு எட்டும் இடத்திலும் வைக்காதீர்கள். எரியும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள்.

மடூல்சீமைச் சகோதரிக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் நான் சொல்ல விரும்பியது மேலே இருக்கிறது. மற்றவர்கள் "நம் கையில் இருப்பது" என்ற பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, பிள்ளை மடுவத்துச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருவர் வாசித்துக் காட்டுங்கள்.